இருபத்திரண்டுக்குக் கீழே

கோப்டன். ஆகஸ்ட். அதிகாலை மூன்று பத்து.
கடலிலிருந்து ஏறி வரும் காற்று
கொட்டகைத் தகரத்தின் விளிம்பைப் பிடித்து உலுக்குகிறது.
263 இரண்டு போட்டிருக்கிறாள்.
கிடாரி தானாக வந்தது.
காளை பின்னங்காலை முதலில் நீட்டியது,
இழுத்தது நான்.
முழங்கைவரை இன்னும் அவள் சூடு.

கறந்தேன்.
நாலு காம்பும் சேர்ந்து ஒன்றரை லிட்டர்.
மஞ்சள் போதாது என்று பார்த்ததுமே தெரிந்தது.
ஆனாலும் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி
விளக்குக்கு நேரே தூக்கி
ஒரு கண்ணை மூடினேன்.
நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு
பதினாறில் நின்றது.
இருபத்திரண்டாவது வேண்டும்.

அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.
கிடாரியின் காதை நக்கிக்கொண்டிருந்தாள்,
முடி சுழி சுழியாக எழும்ப.

ஹாஸ்கினுக்குப் போன் அடித்தேன்.
தூக்கத்துக்குள்ளிருந்து கேட்டார்:
"ரெண்டும் கிடாரியா?"
ஒன்று காளை.
"அப்ப கூடப் பொறந்ததும் மலடாத்தான் இருக்கும்.
ரெண்டும் லாரிக்கு.
ஃப்ரீசர்ல இருக்கிற நல்ல பையைத் தொடாதே,
வளர்க்கிற கன்னுக்கு வேணும்."

கெட்டவர் இல்லை.
போன வெள்ளிக்கிழமை நனைந்த கன்றொன்றைக்
காரின் முன்சீட்டில் உட்கார வைத்து
ஹீட்டர் போட்டுக் காய வைத்தவர்தான்.
அதன் காதில் எண் இருந்தது, அவ்வளவுதான்.

லாரி வர இன்னும் ஐந்து நாளாவது ஆகும்.
அந்த ஐந்து நாளுக்கும் வயிறு என்று ஒன்று உண்டே.

ஊசி மருந்துக்கும் நிக்கியின் ஐஸ்கிரீமுக்கும் அடியில்
தட்டையாக உறைந்த இரண்டு பைகள்.
417, ஏப்ரல் 9, இருபத்தேழு.
என் கையெழுத்து.
417 மே மாதமே போய்விட்டாள்,
கால் நொண்டி, விலைக்கு.
இந்த நாலு லிட்டரை மட்டும்
கூட்டிப்போக மறந்துவிட்டாள்.

வெந்நீர் ஐம்பது டிகிரியைத் தாண்டக் கூடாது.
தாண்டினால் உள்ளே இருக்கும் காவலெல்லாம் வெந்து
வெறும் பாலாகிவிடும்.
நாங்கள் அதை வேண்டுமென்றே வேக வைத்தவர்கள்,
கருப்பட்டி போட்டு, ஏலம் தட்டி.
வெட்டிய துண்டில் கத்தியின் வரி தெரியும்.
இரண்டாம் துண்டு கேட்டு வாங்கியிருக்கிறேன்.
வெளியே கட்டியிருந்த கன்று என்ன குடித்தது என்று
நான் கேட்டதில்லை.

உருக நாற்பது நிமிடம்.
அதற்குள் தொப்புளுக்கு அயோடின்,
சாக்கு கிழியும்வரை முதுகில் தேய்ப்பு.

கிடாரி ரப்பர் காம்பைப் பார்த்ததும் பாய்ந்தது,
என் கட்டைவிரலையும் சேர்த்து.
பாதிப் பையில் நிறுத்தி மூச்சு வாங்கி
என்னை முட்டி மறுபடி கேட்டது.

காளைக்கு வாயே குளிர்ந்திருந்தது.
நாக்கில் விரல் வைத்தேன், சும்மா கிடந்தது நாக்கு.
இனி குழாய்தான்.
இடது பக்கமாக, அவசரப்படாமல்.
வெளியே தொண்டையைத் தடவினால்
இரண்டு குழாய் தட்டுப்பட வேண்டும்.
ஒன்றுதான் என்றால் மூச்சுக்குள் போயிருக்கிறோம்,
உருவிவிட வேண்டும்.

ஒன்று.
உருவினேன்.
ஒன்று.
மறுபடி.
இரண்டு.
பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றேன்,
417 மெதுவாக இறங்கினாள்.
தாயின் ஒன்றரை லிட்டரை அடுத்த வேளைக்கு மூடி வைத்தேன்.

நாலே முக்காலுக்கு ஹாஸ்கின் வந்தார்.
வாளியில் கிடந்த காலிப் பைகளை எடுத்து
எண்ணைப் படித்தார்.
"நல்ல கறவை இது" என்றார்.
வேறு ஏதோ சொல்ல வந்து
பூட்ஸைக் கழுவப் போனார்.

அப்போதுதான் கோடியில் 308 படுத்தாள்.
ஐந்தேகாலுக்கு ஒன்றே ஒன்று, கிடாரி,
நெற்றியில் வெள்ளை, அவர் ஆசைப்பட்ட இனம்.
ஃப்ரீசரில் இப்போது ஐஸ்கிரீம் மட்டும்.

கறந்தேன்.
இரண்டு லிட்டர், கொஞ்சம் கூட.
நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.
அவர் பின்னால் வந்து நின்றார்.
சொட்டைத் தடவி விளக்குக்கு நேரே தூக்கினேன்.
ஒரு கண்ணை மூடினேன்.
இன்னொன்றை
இன்னும் திறக்கவில்லை.